நூற்றெண்பது வரிகள்

வியாழக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கணினியிடம் கேள்வியைக் கொடுத்தேன். பதினொன்றரை ஆகியும் பதில் வரவில்லை. திரையில் மணற்கடிகாரம் கவிழ்வதும் நிமிர்வதுமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எதுவும் விரைவாகாது என்று தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே வாவி, அதற்கு அப்பால் படுவான்கரை. மேற்குக் காட்டுப் பக்கமாகப் பீரங்கி சுடும்போதெல்லாம் ஜன்னலின் கண்ணாடித் தகடுகள் அதிர்ந்தன. அன்று காலை அதுவரை பதினேழு தடவை. பத்திரிகையில் இருந்தபோது எண்ணிப் பழகியது அது. எண்ணச் சொல்ல ஆள் இல்லாத பிறகும் நிற்கவில்லை.

பத்திரிகையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் பதிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். கிழக்கில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த காலம். வாவியின் மேற்கே, சூரியன் படும் பக்கத்திலிருந்த ஊர்கள் சண்டைக்கு நடுவே வெறுமையாகிவிட்டன. சனங்கள் கிழக்கே எழுவான்கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். சில மாதங்களில் ஊர் ஊராகத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது கிழமைக்குக் கிழமை மாறியது. அதைப் பதிவதுதான் என் வேலை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் லொறி வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகும். போவதற்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கூட முகாமுக்கும் எத்தனை குடும்பம், எத்தனை பேர், அதில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை, இதுவரை எத்தனை பங்கு உலருணவு வாங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அதைக் கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்தில் கொடுத்தால், அவர்கள் இராணுவ முகாமுக்கு அனுப்புவார்கள். மறுநாள் சோதனைச் சாவடியில் அந்தப் பட்டியலில் இருக்கும் ஊருக்கு, இருக்கும் அளவுக்குத்தான் மூட்டைகள் தாண்டும். புதிய பட்டியல் வராவிட்டால் போன கிழமைப் பட்டியலே நிற்கும்.

அந்தக் கிழமை அதுதான் சிக்கல். போன சனிக்கிழமை ஆரையம்பதிப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி உன்னிச்சைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். போன கிழமைப் பட்டியலில் உன்னிச்சை என்ற ஊரே இல்லை. பழைய பட்டியல் நின்றால், ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு மூட்டை அனுமதியாகும். உன்னிச்சைக்கு ஒன்றும் போகாது. குளத்தைச் சுற்றிய வயல் வட்டைகளில் இரண்டு போகமாக விதைப்பில்லை. கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. ஏற்றிவிடும்போது கச்சேரி கொடுத்த ஒரு கிழமைச் சாமான் வெள்ளிக்கிழமையோடு முடியும்.

எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரின் சொந்த ஊர் உன்னிச்சை. இருபத்தேழு வயதிருக்கும். நகரத்தில் ஒரு அறையில் தங்கி வேலைக்கு வந்தாள். அவளுடைய அக்கா, அக்காவின் கணவன், மூன்று பிள்ளைகள் என ஐந்து பேர் அந்த பஸ்ஸில் போயிருந்தார்கள். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பிறந்தது, இரண்டு மாதம். அக்காவுக்குப் பால் போதவில்லை. பால்மாப் பெட்டி அளவாகத்தான் கொண்டுபோயிருந்தாள்.

அவள் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சேர், என்னவாம் சொல்லுது?"

"ஒண்டும் சொல்லுதில்ல."

"போன கிழமை எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ரெண்டே கால் மணித்தியாலம்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் கதிரை போட்டிருந்த சாரதி எங்களைப் பார்த்தார். செட்டிபாளையத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், வாய் சும்மா இருக்காது.

"அது தியானத்தில இரிக்கி தங்கச்சி. எழுப்பினா சாபம் போட்டிரும்."

"நீங்க சும்மா இரிங்க அண்ணன். நாலு மணிக்குள்ள குடுக்க வேணும்."

இந்தக் கேள்வி, கணினிக்காரர் குவெரி என்பது, தொடக்கத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. பதிவுகள் சில நூறாக இருந்தபோது விசையை அழுத்திக் கையை எடுப்பதற்குள் பதில் வரும். நானே எழுதிய கேள்வி என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. குடும்பங்கள் ஓர் அட்டவணை, குடும்ப உறுப்பினர்கள் இன்னோர் அட்டவணை, வாங்கிய பங்குகள் மூன்றாவது, தங்கிய இடங்கள் நான்காவது. நான்கையும் குடும்ப அட்டை இலக்கத்தால் கோத்து, எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் எண்ணி வாங்கிவிடுவேன். பத்திரிகையில் எனக்குக் கற்றுத் தந்ததும் அதுதான்: யார், எங்கே, எத்தனை, எப்போது, எல்லாம் முதல் பந்தியிலேயே வந்துவிட வேண்டும். அப்படி அடைத்து எழுதிய பந்திக்குப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். கணினிக்கும் அதே போல எழுதினேன்.

ஆட்கள் கூடக் கூட அது இழுக்கத் தொடங்கியது. பதிவுகள் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காவதை ஏற்கலாம். ஆனால் பத்து மடங்கு இழுத்தது. கொழும்பில் கணினிப் பிரிவில் வேலை செய்த பழைய நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன். இண்டெக்ஸ் போடு என்றார். போட்டேன். அது புத்தகத்தின் பின்பக்கத்துச் சொல்லடைவு போன்றது: ஒரு குடும்பத்தைத் தேடினால் நேராக அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். நான் ஒரு குடும்பத்தைக் கேட்கவில்லை. எல்லாரையும் எண்ணச் சொன்னேன். முழுப் புத்தகத்தையும் புரட்டவேண்டியவனுக்குச் சொல்லடைவு எதற்கு? நினைவகத்தைக் கூட்டு என்றார். கூட்டினோம். ஒரு கிழமை நன்றாக இருந்தது. அடுத்த கிழமை பழைய கதை.

பதினொன்று நாற்பதுக்கு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முதல் கேள்வி செத்துவிட்டதோ என்ற சந்தேகத்தில், பக்கத்தில் இன்னொரு சாளரத்தைத் திறந்து அதே கேள்வியை மறுபடியும் கொடுத்தேன். வட்டு இயங்கும் சத்தம் இரட்டிப்பானது. வேகம் பாதியானது. சாரதி எட்டிப் பார்த்து என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"எங்கட ஊரில வலைய இழுக்கக்குள்ள பாதியில விட்டுட்டு இன்னொரு வலைய வீசுறவன் ஆருமில்ல சேர்."

பன்னிரண்டு இருபதுக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டரை இயக்குவதற்குள், கணினியைத் தாங்க வேண்டிய, பற்றரி பழுதாகியிருந்த யூ.பி.எஸ் பெட்டி ஒருமுறை கீச்சிட்டது, திரை கறுத்தது. இரண்டு கேள்விகளும் அதோடு போயின.

கணினி மறுபடி எழும்பும்போது ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. நான்கு மணிக்கு மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். போன கிழமை இரண்டே கால்; அன்று காலை அதே நேரம் ஓடியும் முடியவில்லை. மறுபடி கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. வராவிட்டால் வேறு வழியில்லை. அவள் கைத்தொலைபேசியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உன்னிச்சையில் அப்போது தொடர்பு கிடைக்காது. அதை அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

"உங்கட அக்காட கார்ட் நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

மனப்பாடமாகச் சொன்னாள்.

எனக்கு அப்போது திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரே ஒரு குடும்பத்துக்காவது கேள்வி ஓடுகிறதா என்று பார்க்க நினைத்தேன். உடனே பதில் வந்தது: ஐந்து பேர், பன்னிரண்டு பங்கு, இடம் உன்னிச்சை. சரியான பதில். அப்படியானால் உள்ளே என்னதான் செய்கிறது? எண்ணும் கட்டளைகளை எடுத்துவிட்டு, எண்ணுவதற்கு முன்னால் கணினி தன் முன் எதைப் பரப்பி வைக்கிறது என்பதை அப்படியே அச்சிடச் சொன்னேன்.

அச்சுப்பொறி தொடங்கியது. நிற்கவில்லை. ஒரு பக்கம், இரண்டு பக்கம். தொடர்தாள் மேசையிலிருந்து வழிந்து நிலத்துக்கு இறங்கியது. நான்கு பக்கம் வந்து நின்றது. அவள் குனிந்து தாளின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள்.

"என்ன சேர் இது?"

விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு போனாள். உதடு அசைந்தது. கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"அக்காட மூத்தவன் முப்பத்தாறு தரம் வாறான்! ஒருத்தன வச்சுக்கொண்டே அவ படுற பாடு போதாதாக்கும்."

"அப்ப அவனுக்கே ஒரு லொறி காணாது," என்றார் சாரதி.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். மூத்தவனின் பெயர், முதலாம் கிழமைப் பங்கு, உன்னிச்சை. மூத்தவன், முதலாம் கிழமை, ஆரையம்பதி. மூத்தவன், முதலாம் கிழமை, மறுபடி உன்னிச்சை. பிறகு இரண்டாம் கிழமை, அதே மூன்று இடமும். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு கிழமையோடும் ஒவ்வொரு இடத்தோடும் சோடி சேர்க்கப்பட்டிருந்தான். ஐந்து பேர், பன்னிரண்டு பங்கு, மூன்று இடம். ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் அறுபது. மூன்றால் பெருக்கினால் நூற்றெண்பது. இரண்டு மாதக் குழந்தையும் முப்பத்தாறு தரம் இருந்தது, அது பிறப்பதற்கு முன்னால் வாங்கிய பங்குகள் உட்பட.

ஒரு வீட்டுக்கு நூற்றெண்பது வரி. எல்லா வீட்டுக்கும் இப்படி விரித்த பிறகு, நான் எழுதியிருந்த இன்னொரு கட்டளை வேலை செய்யும்: ஒரே ஆள் திரும்ப வந்தால் ஒருமுறைதான் எண்ண வேண்டும். அதற்காக விரித்ததையெல்லாம் கணினி அடுக்கிப் பார்க்கும். ஆட்களுக்கு ஒருமுறை அடுக்கும், பங்குகளுக்கு இன்னொருமுறை. நினைவகம் கொள்ளாதபோது வட்டில் எழுதி எழுதி அடுக்கும். நானே பெருக்கி, நானே வகுத்துக்கொண்டிருந்தேன். பதில் சரியாக வந்ததால் ஒரு நாளும் உள்ளே பார்க்கவில்லை. விடை சரியென்றால் திருப்தியடைகிற ஆசிரியர்களைப் பத்திரிகையில் நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

அவள் இன்னும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், புள்ளயள் எத்தின பேர் எண்டு எண்ணுறதுக்கு, அரிசி வாங்கின கிழமையெல்லாம் என்னத்துக்கு?"

"தேவையில்லைதான்."

"அப்ப ஏன் ரெண்டையும் ஒண்டாக் கேட்டீங்க? நாங்க முகாமில அப்பிடிச் செய்யிறல்லயே. ஆக்கள எண்ணக்குள்ள ஆக்கள எண்ணுவம். பங்கு எண்ணக்குள்ள சாமான் குடுத்த துண்டுகள எண்ணுவம். பிறகுதான் கார்ட்டில ரெண்டையும் எழுதுறது."

இதை அவள் எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. எரிச்சலாகத்தான் சொன்னாள். மணி ஒன்று ஐந்து.

"இடம் ஏன் மூண்டு கிடக்கு?" என்று நான் கேட்டேன். "ஆரையம்பதிக்கு வந்த உடனே உன்னிச்சை வரிய மூடியிருக்க வேணுமே. பிறகு ஆரையம்பதிய மூடியிருக்க வேணும். ஒரு நேரத்தில ஒரு இடம்தானே திறந்திருக்கலாம்."

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"நான்தான் சேர் மூடல்ல."

"உங்கட அக்காட மட்டுமா?"

"எல்லார்ரயும்."

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு வீடும் வளவும் மகளுக்குப் போகும். மருமகன் அங்கே வந்து இருப்பான். முகாமில் பதிவு எடுக்கும்போது பெண்கள் முதலில் சொன்னது ஊர் விலாசத்தைத்தான். அந்த வரியை மூட அதன் மேல் கோடு இழுப்பதைப் பார்த்தால் விடமாட்டார்கள். 'என்ட வீட்ட வெட்டாதகா' என்று கையைப் பிடிப்பார்கள். உறுதிப் பத்திரம் எரிந்தவர்கள், உறுதியைக் கூரையில் செருகிவிட்டு ஓடி வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படிவத்தைத்தான் மிச்சமிருக்கும் ஒரே எழுத்தாக நினைத்தார்கள். கோடு இழுத்தால் வீடு போய்விடும். இவள் கோடு இழுக்கவில்லை. மற்ற வெளிக்கள உத்தியோகத்தர்களும் இந்த ஊர்ப் பெண்கள்தான், அவர்களும் இழுக்கவில்லை. முகாம் மாறினால் புதிய வரி சேர்த்தார்கள். பழைய வரிகள் எல்லாம் திறந்தே கிடந்தன. நான்கு முகாம் மாறிய குடும்பத்துக்கு ஐந்து இடம். ஐந்தால் பெருக்கம்.

"ஏசுங்க சேர்," என்றாள்.

"ஏசுறதுக்கு நேரமில்ல."

ஏசும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை. கடைசி இடத்தைத் தேடும் கட்டளையையும் அதே பெரிய கேள்விக்குள்தான் திணித்திருந்தேன். எல்லாவற்றையும் விரித்த பிறகுதான் அது கடைசி இடத்தைத் தேடியது.

கேள்வியை உடைத்தேன். உறுப்பினர் அட்டவணையை மட்டும் திறந்து, அட்டைக்கு எத்தனை பேர், எத்தனை சிறு பிள்ளைகள் என்று கேட்டு, விடையை அட்டைக்கு ஒரு வரியாகத் தனியே வைத்தேன். இருபது விநாடி. பங்கு அட்டவணையை மட்டும் திறந்து, அட்டைக்கு எத்தனை பங்கு. இன்னும் கொஞ்ச நேரம். இடங்களில் கடைசியாகப் பதிந்த வரி எதுவோ அது மட்டும். அதைச் சரியாக எழுத நாற்பது நிமிடம் எடுத்தது. இரண்டு இடத்தில் அடைப்புக்குறி விட்டுப்போனது. இப்போது மூன்று சிறிய அட்டவணைகள் இருந்தன, மூன்றிலும் அட்டைக்கு ஒரே ஒரு வரி. ஒன்றை ஒன்றோடு கோத்தாலும் ஒன்றாகவே இருக்கும். பெருக எதுவும் இல்லை. கோத்தேன். விசையிலிருந்து கையை எடுக்கும்போது பட்டியல் திரையில் இருந்தது.

மணி இரண்டு முப்பத்தைந்து. சாரதி கதிரையை விட்டு எழும்பித் வாகனத் திறப்பைக் கையில் எடுத்தார்.

"பொறுங்க அண்ணன்," என்றாள் அவள். திரையில் உன்னிச்சை வரியில் விரலை வைத்தாள். "இது குறையுது. சனிக்கிழமை ஏத்தக்குள்ள நான் எண்ணினனான். ஆறு குடும்பம் குறையுது."

"வேற ஊருக்குப் போயிருக்கலாம்."

"போகல்ல சேர். அது வேற நிறுவனம் பாத்த முகாமில இருந்து கடைசி நாள் வந்து ஏறின ஆக்கள். எங்கட பங்கு இன்னும் ஒண்டும் எடுக்கல்ல."

அதுதான். பங்கு அட்டவணையில் அவர்களுக்கு வரியே இல்லை. ஆகவே கோக்கும்போது சோடியில்லாமல் விழுந்துவிட்டார்கள். எங்களிடமிருந்து இதுவரை ஒன்றுமே கிடைக்காதவர்களைப் பட்டியல் இல்லாதவர்களாக்கியிருந்தது. பழைய கேள்வியிலும் இதே ஓட்டை இருந்திருக்கும். எத்தனை கிழமைகளாக, எத்தனை பேர் என்று அப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. சோடி இல்லாவிட்டால் பூச்சியம் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி மாற்றினேன். ஆறு குடும்பமும் வந்தன. அவள் தன் கொப்பியோடு ஒவ்வொரு ஊராகச் சரிபார்த்தாள். நான் அவசரப்படுத்தினேன், அவள் அசையவில்லை. மூன்று பத்துக்கு அச்சிட்டோம். ஒரே பக்கம்.

"சேர், சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடுற மாதிரித்தான் இண்டைக்கு வான் ஓடும்," என்றார் சாரதி. அவள் ஏற்கனவே அலுவலக வானுக்குள் ஏறியிருந்தாள். மூன்று முப்பத்தெட்டுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது: முத்திரை குத்தியாகிவிட்டது.

அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. வெள்ளிக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. லொறி காலை ஏழரைக்குப் புறப்பட்டது. அவளும் அதில் போனாள். அலுவலகத்தில் எனக்குச் செய்ய ஒரு வேலையும் ஓடவில்லை. சோதனைச் சாவடியில் போன கிழமைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாத ஊர் எப்படி வந்தது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஒரு மூட்டையை இறக்கச் சொன்னால் எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும். பத்து மணிக்கு வாசலுக்குப் போனேன், பத்தரைக்குப் போனேன். அதற்குப் பிறகு வாசலிலேயே நின்றேன்.

மாலை நாலேகாலுக்கு லொறி வந்தது. பின்பக்கத் தட்டு திறந்திருந்தது. உள்ளே வெறும் சாக்குகள். அவள் முன்னாலிருந்து இறங்கினாள். செம்மண் தூசி கண் இமை வரை படிந்திருந்தது.

"கிடைச்சது சேர். அக்கா மாவையும் எடுத்திட்டா. அந்த ஆறு குடும்பமும் எடுத்தது."

"சாவடியில கரைச்சல் தந்தவங்களா?"

"ஒண்டரை மணித்தியாலம் வச்சிருந்தானுகள். இவர் அங்க நிண்டு மீன் விலை கதைச்சார்."

"கதைக்காட்டி நீ அழுதிருப்பாய்," என்றார் சாரதி.

அவள் சிரிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மூட்டை கட்டிய கடதாசியைக் கிழித்தது. அதில் பேனையால் அட்டை இலக்கங்கள் எழுதியிருந்தன. சில அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

"பத்தொம்பது குடும்பம் லொறிக்குப் பக்கத்தில நிண்டது சேர். லிஸ்டில இல்ல. புதன்கிழமை தாங்களா நடந்து வந்த ஆக்களாம். கடைசி இடம் எண்டு எங்கட பதிவில முகாம்தான் கிடக்கும். நான் குடுக்கேலாது எண்டு சொன்னன்." இமையிலிருந்த தூசியைத் துடைத்தாள். "அக்கா தன்ட அரிசியில ரெண்டு சுண்டு அளந்து பக்கத்து வளவுக்குக் குடுத்தா. எனக்கு முன்னாலயே. என்ன ஒரு பார்வ பாத்தா."

"திங்கக்கிழமை பதியலாம்," என்றேன்.

"இண்டைக்குப் பதிவம் சேர். கரண்ட் இரிக்கிதானே."

காலையில் கட்டிக் கொண்டுபோன சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் பைக்குள் இருந்தது. அதை மேசையில் வைத்து அவிழ்த்து, இடது கையில் அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டாள். நான் இடங்களின் அட்டவணையைத் திறந்தேன். முதல் இலக்கத்தை வாசித்தாள். மூன்றாவது எண் ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏழு என்றாள். தட்டினேன். வந்த பெயரை வாசித்தேன். அவள் வாயில் சோற்றோடு, ஓம் அவதான், என்று தலையாட்டி அடுத்ததை வாசித்தாள்.